மகேந்திரன் சமணப் பள்ளியை இடித்தானா?

மகேந்திரவர்மப் பல்லவனைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது இரண்டு வரிதான். முதலில் சமணனாக இருந்தான், அப்பர் பெருமானால் சைவனானான். ஆன கையோடு பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தச் சாமான்களைக் கொண்டுபோய்த் திருவதிகையில் சிவன் கோயில் கட்டினான். பாடப் புத்தகத்தில் வந்தது, கோயில் சொற்பொழிவில் கேட்டோம், இப்போது வாட்ஸப்பிலும் வருகிறது. ஒரு சாரார் "பார், எங்கள் ராஜா எப்படிச் சுத்தம் செய்தான்" என்று பெருமையாக அனுப்புகிறார்கள். இன்னொரு சாரார் அதே கதையை "பார், உங்கள் கோயில்களின் யோக்கியதையை" என்று அனுப்புகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே நாளில், ஒரே குழுவில் வந்தன. கதை உண்மையா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கைதட்டுவதா கல்லெறிவதா என்பதில்தான் சண்டை.

எனக்கோ கதையிலேயே சந்தேகம். நான் சரித்திரப் பேராசிரியர் இல்லை. ஆவடிப் பக்கம் ஒரு அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு ஆயுளில் பாதியைக் கழித்த குமாஸ்தா. ஒரு தாள் மேஜைக்கு வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நாங்கள் கடைசியில்தான் படிப்போம். யார் கையெழுத்து, என்ன தேதி, யாருக்குப் போட்டது? இந்த மூன்றையும் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மகேந்திரன் மேல் எழுதப்பட்ட குறிப்பையும் அப்படித்தான் படித்துப் பார்த்தேன்.

அதற்கு முன்னால் இன்னொரு ராஜாவைச் சொல்லியாக வேண்டும். இப்படிச் சந்தேகப்பட எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பாதிரிமார்கள் நடத்திய பள்ளி. 'இஸ்த்வார் சேன்த்' என்று ஒரு பாடம் உண்டு, பரிசுத்த வரலாறு என்று சொல்லலாம். இந்துப் பிள்ளைகள் நாங்களும் உட்கார்ந்து படித்தோம், யாரும் ஆட்சேபித்ததாக நினைவில்லை. பிரான்சு தேசத்து லூயிகள் ஒரு பக்கம், இஸ்ரவேல், யூதா ராஜாக்கள் ஒரு பக்கம் என்று மனப்பாடம் செய்தோம். காஞ்சிபுரம் ராஜாக்கள் அந்தப் புத்தகங்களில் கிடையாது. அவர்களை நான் வேலைக்கு வந்த பிறகு நூலகத்தில்தான் சந்தித்தேன்.

அந்தப் பாடத்தில் நல்ல மார்க்கு வாங்கிய ராஜா ஒருவன் உண்டு. பிரெஞ்சில் ழோசியாஸ், தமிழ் வேதாகமத்தில் யோசியா. எட்டு வயதில் பட்டத்துக்கு வந்து 31 வருஷம் எருசலேமில் ஆண்டான். அவனுடைய பதினெட்டாவது ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 622 வாக்கில், கோயிலைப் பழுது பார்க்கும்போது இல்க்கியா என்ற பிரதான ஆசாரியர் ஒரு பழைய நியாயப்பிரமாணப் புத்தகத்தைக் கண்டெடுக்கிறார். அதை ராஜாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டுகிறவர் சாப்பான். அவருக்குத் தமிழ் வேதாகமம் கொடுத்திருக்கும் உத்தியோகப் பெயர் 'சம்பிரதி'. நம் ஊர்க் கச்சேரிகளில் கணக்கெழுதுகிறவருக்கு இருந்த பழைய பெயர்! நம் ஜாதி ஆள் ஒருவர் அங்கேயும் இருந்தார் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

புத்தகத்தைக் கேட்டதும் யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டான். உல்தாள் என்ற தீர்க்கதரிசினியிடம் ஆள் அனுப்பிக் குறி கேட்டான். பிறகு தொடங்கியது இடிப்பு வேலை. எருசலேம் கோயிலுக்குள் இருந்த வேற்றுத் தெய்வங்களின் சாமான்களை வெளியே எடுத்து எரித்தான். நாடு முழுவதும் குன்றுகளின் மேல் இருந்த பலிமேடைகளைத் தகர்த்தான். வடக்கே பெத்தேலுக்குப் போய், யெரொபெயாம் என்ற ராஜா கட்டிய பலிபீடத்தை உடைத்து, கல்லறைகளிலிருந்து எலும்புகளை எடுத்து அதன்மேல் எரித்தான். வடக்கு ஊர்களின் மேடைப் பூசாரிகளைக் கொன்றான். பூசை செய்ய ஒரே ஓர் இடம்தான், அது எருசலேம். இதற்காகத்தான் ராஜாக்களின் ஆகமம் அவனுக்கு முன்னும் பின்னும் அவனைப் போல ஒருவன் இல்லை என்கிற சர்டிபிகேட்டைக் கொடுக்கிறது.

அதே புத்தகத்தில் உம்ரி என்று ஒரு ராஜா வருகிறான். சமாரியா நகரத்தை உண்டாக்கியவன். அசீரியர்கள் அவன் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த நாட்டையே 'உம்ரியின் வீடு' என்று எழுதி வந்தார்கள். பாரிஸ் லூவ்ர் காட்சிசாலையில் இருக்கிற மோவாபியர் கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. எதிரி ராஜா வெட்டிய கல்லிலேயே பெயர் வந்தவன்! ஆனால் வேதாகமத்தில் அவன் ஆட்சிக்கு ஆறு வசனம். முன்னிருந்தவர்களை விடப் பொல்லாதவன் என்று முடிந்துவிடுகிறது. எங்கள் ஆபீசில் வருஷா வருஷம் ரகசியக் குறிப்பேடு எழுதுவார்கள். பன்னிரண்டு மாதம் மாடாய் உழைத்தவனுக்கு ஒரு வரி. பெரியவரோடு கோயிலுக்குப் போனவனுக்கு ஒரு பக்கம். உம்ரிக்கு வந்தது அந்த ஒரு வரி.

ராஜாக்களின் ஆகமத்துக்கு மார்க்கு போடும் கணக்கு ஒன்றுதான்: மேடைகளை இடித்தானா, விட்டுவைத்தானா? அதன் முக்கியமான பகுதிகள் யோசியா காலத்திலோ அதை ஒட்டியோ எழுதப்பட்டன என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். யெரொபெயாம் காலத்திலேயே, ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்கு முன்பே, ஒரு தேவமனிதர் வந்து யோசியா என்று பெயர் சொல்லி முன்னறிவித்ததாக அதில் இருக்கிறது. விசுவாசிகள் அதைத் தீர்க்கதரிசனம் என்று எடுத்துக்கொள்வார்கள், அவர்கள் நம்பிக்கையில் நான் குறுக்கிடவில்லை. குமாஸ்தா கண்ணுக்கு அது பின்தேதியிட்ட கடிதமாகத்தான் தெரிகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். ராஜாக்களின் புத்தகம் இடிப்பெல்லாம் பதினெட்டாம் வருஷம் புத்தகம் கிடைத்த பிறகு என்கிறது. நாளாகமப் புத்தகமோ பன்னிரண்டாம் வருஷத்திலேயே இடிக்கத் தொடங்கினான் என்கிறது. ஒரே விஷயத்துக்கு இரண்டு கோப்பு, இரண்டு தேதி.

யோசியாவே என்ன நினைத்தான்? தெரிய வழியில்லை. அவன் வெட்டிய கல்வெட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. கி.மு. 609இல் மெகிதோவில் எகிப்து ராஜா நேகோவின் கையால் செத்தான். அவன் பிள்ளைகள் பழைய வழிக்கே திரும்பினார்கள். 586 வாக்கில் எருசலேமே எரிந்தது. அப்புறம் இருநூறு வருஷம் கழித்து, எகிப்தில் நைல் நதித் தீவான எலிஃபன்டைனில் யூதச் சிப்பாய்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு கோயில் வைத்திருந்தார்கள். அதை யாரோ இடித்துவிட்டார்கள், திரும்பக் கட்ட அனுமதி வேண்டும் என்று கி.மு. 407இல் யூதேயாவின் ஆளுநருக்கு மனு போட்டிருக்கிறார்கள். நாணல் தாளில் எழுதிய அந்த மனு இன்றும் இருக்கிறது. ஒரே கோயில் என்று யோசியா போட்ட உத்தரவு அந்தத் தீவுக்குப் போய்ச் சேரவே இல்லை போலும், அல்லது போய்ச் சேர்ந்தும் யாரும் சட்டை செய்யவில்லை.

யோசியா விஷயத்தில் ஒரு தரப்பு எழுத்தை வைத்துக்கொண்டு, இப்படி அங்கங்கே கிடைக்கிற துண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் முடியும். மகேந்திரன் அப்படி இல்லை. அவன் பேச்சு அவன் வெட்டிய பாறையிலேயே இருக்கிறது. இருந்தும் நாம் அதைப் படிக்காமல், அவனைப் பற்றி மற்றவர் எழுதியதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். என் வருத்தம் இதுதான்.

எழுதியவர் யார்? நம்ம பக்கத்துக்காரர். குன்றத்தூர்ச் சேக்கிழார். குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வழியாகப் போனால் அரை மணி நேரம், டிராஃபிக் இல்லாவிட்டால். (இருக்கும்.) அவரும் அரசாங்க உத்தியோகஸ்தர்தான், ஆனால் நம்மைப் போல அடிமட்டம் இல்லை. சோழன் இரண்டாம் குலோத்துங்கனுக்கு முதலமைச்சர், உத்தம சோழ பல்லவராயன் என்று பட்டம் வாங்கியவர். குன்றத்தூரில் திருநாகேச்சரம் கட்டியவர். தேதி, 12ஆம் நூற்றாண்டு. மகேந்திரன் ஆண்டது ஏறக்குறைய 600 முதல் 630 வரை. நடுவில் ஐந்நூறு வருஷம்.

யாருக்கு எழுதினார் என்பதுதான் முக்கியம். இதை நான் சொல்லவில்லை, உமாபதி சிவம் பாடியதாகச் சைவர்களே போற்றும் சேக்கிழார் புராணம் சொல்கிறது. அநபாயன் என்ற அந்தச் சோழ ராஜா சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தானாம். அது சமண நூல். மந்திரி பார்த்தார், ராஜா இப்படிப் போகக் கூடாது என்று அவனுக்குச் சிவனடியார் கதைகளை எடுத்துச் சொன்னார். ராஜா கேட்டுக்கொண்டதன் பேரில் சிதம்பரத்தில் இருந்து பெரிய புராணம் பாடினார்.

சமண நூலில் மயங்கிய ஒரு ராஜாவைத் திருப்புவதற்காக எழுதிய புத்தகம் அது. அதற்குள் சமணத்தில் மயங்கிய இன்னொரு ராஜா வருகிறான், அடியார் பெருமை கண்டு திரும்புகிறான், திரும்பியதும் பள்ளியை இடிக்கிறான். ஒரு ராஜாவைத் திருத்த எழுதுகிற புத்தகத்துக்குள் திருந்திய ராஜா ஒருவன் கட்டாயம் வேண்டும். திருந்தினான் என்று எப்படிக் காட்டுவது? மனசுக்குள் நடந்ததைக் காட்ட முடியாது. கையில் கடப்பாரையைக் கொடுத்தால் எல்லோருக்கும் தெரியும். எருசலேமில் எழுதியவரும் அதைத்தான் செய்தார்.

எங்கள் குத்தம்பாக்கத்துக்குப் பக்கத்து ஊரான திருமழிசையிலும் இதே கதைதான் வேறு வேஷத்தில். திருமழிசை ஆழ்வார் சமணம், பௌத்தம், சைவம் எல்லாம் பார்த்துவிட்டு வைணவத்துக்கு வந்தார் என்று குருபரம்பரைக் கதை சொல்லும். அவருடைய சீடர் கணிகண்ணன் ராஜாவைப் பாட மறுத்ததற்காகக் காஞ்சியை விட்டு வெளியேற்றப்படுகிறார். ஆழ்வாரும் கிளம்பிவிடுகிறார், பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறார். கடைசியில் ராஜா ஓடிவந்து காலில் விழுகிறான். அந்த ராஜாவும் பல்லவன்தான்! சைவக் கதையானாலும் வைணவக் கதையானாலும் புத்தி வரவேண்டியவன் பல்லவ ராஜாவாகத்தான் இருக்கிறான். பாவம் அந்த வம்சம்.

இந்தக் கதைகளைப் பொய் என்று ஒதுக்கவும் நான் தயாரில்லை. சேக்கிழாருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். இடித்த சாமானைக் கொண்டு கட்டிய கோயிலுக்குக் குணபரவீச்சரம் என்று அவர் பெயர் சொல்கிறார். ராஜாவைப் பல்லவன், காடவன் என்கிறாரே தவிர மகேந்திரன் என்று சொல்லவே இல்லை. ஆனால் குணபரன் என்பது மகேந்திரனுடைய பட்டப்பெயர் என்று அவனுடைய கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. திருச்சி மலைக்கோட்டைக் குகைக் கல்வெட்டை ஹுல்ஷ் பதிப்பித்தது 1890இல். அதற்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்பே சேக்கிழார் கையில் அந்தப் பெயர் சரியாக இருந்திருக்கிறது. ஆக, கதைக்கு அடியில் ஏதோ ஒரு பழைய கோப்பு இருந்திருக்கிறது. அதே திருச்சிக் கல்வெட்டில், வேற்று வழியிலிருந்து திரும்பிய ஞானம் இந்த லிங்கத்தால் உலகில் நெடுங்காலம் பரவட்டும் என்கிற பொருளில் ஒரு வாசகமும் வருகிறது. மதம் மாறியதை ராஜாவே சொல்கிறான் என்று ஹுல்ஷ் முதலானவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெறும் சிலேடை என்று பிறகு வந்த சிலர் சொன்னார்கள். மாறினான் என்றே நானும் வைத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் எல்லோரும் மாறிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்பரே சைவத்திலிருந்து சமணத்துக்குப் போய்த் தருமசேனர் என்று தலைமைப் பொறுப்பில் இருந்துவிட்டு, சூலை நோய் வந்து, தமக்கை திலகவதியாரிடம் திரும்பியவர். கல்லோடு கட்டி நீரில் தள்ளியதையும் நஞ்சு கலந்து கொடுத்ததையும் அவரே தம் பாட்டில் சொல்கிறார், சமணர்கள் செய்ததாக. எந்த ராஜா என்று சொல்லவில்லை.

மாறினான் சரி, இடித்தானா? இங்கேதான் அவனுடைய பாறைகளைக் கேட்க வேண்டும்.

இந்தப் பாறைகளைத் தேடி அலைந்தவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க் கல்லூரியில் வாத்தியாராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய். 1914இல் தென்னிந்தியக் கட்டடக் கலை பற்றிப் பிரெஞ்சில் பெரிய நூல் போட்டார், தொடர்ந்து பல்லவர்களைப் பற்றித் தனியாக எழுதினார். மகேந்திரனை நான் முதலில் முழுசாகப் படித்தது அவர் எழுத்தில்தான். தமிழ் ராஜாவைப் பிரெஞ்சு வழியாகத் தெரிந்துகொள்கிற கூத்து புதுச்சேரிக்காரனுக்குத்தான் வாய்க்கும்.

விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் மகேந்திரன் என்ன சொல்கிறான்? செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலை எடுத்தான் என்கிறான். மூன்று சாமி, ஒரே குகை, மூன்று அறை. அரக்கோணத்தைத் தாண்டி மகேந்திரவாடிக்குப் போனால், ஏரிக்கரைப் பக்கம் ஒற்றைப் பாறையில் குடைந்த கோயில், அது விஷ்ணுவுக்கு. பெயரே மகேந்திர விஷ்ணு கிருகம். அங்கேயும் குணபரன் என்றுதான் எழுதியிருக்கிறான். தளவானூரிலும் சீயமங்கலத்திலும் திருச்சியிலும் சிவன் கோயில். கோயில் எடுத்தேன், ஏரி எடுத்தேன் என்று ஊர் ஊராக எழுதிவைத்தவன் அவன். தனக்குத் தானே வைத்துக்கொண்ட பட்டப்பெயர்கள் எத்தனை! கட்டியதை எல்லாம் இப்படித் தம்பட்டம் அடித்தவன், எதிர்ச்சமயத்தாரின் பள்ளியை இடித்ததை மட்டும் அடக்கத்தால் எழுதாமல் விட்டான் என்றால் நம்ப முடிகிறதா? அந்தக் காலத்தில் இடிப்பு வெட்கப்பட வேண்டிய காரியமும் இல்லை.

இன்னொன்று. பாடலிபுத்திரத்துப் பள்ளி சின்ன இடம் இல்லை. இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். சர்வநந்தி என்ற சமண முனிவர் லோகவிபாகம் எழுதியது அங்கேதான் என்பார்கள். சக வருஷம் 380, அதாவது கி.பி. 458. காஞ்சி ராஜா சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்று பல்லவ ராஜாவைச் சொல்லியே தேதி போட்டிருக்கிறார். பல்லவர்களுக்கும் சமணர்களுக்கும் பழக்கம் அவ்வளவு பழசு. மகேந்திரனின் பாட்டன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி என்ற முனிவருக்கு ஒரு கிராமத்தைக் கொடுத்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்கிறது.

எனக்குப் பெரிய சாட்சி சீன யாத்திரிகர் யுவான் சுவாங். மகேந்திரன் செத்துப் பத்து வருஷம் போல ஆகியிருக்கும், 640 வாக்கில் காஞ்சிக்கு வருகிறார். அவர் பௌத்தர், சைவருக்கும் வேண்டாதவர், சமணருக்கும் வேண்டாதவர். பௌத்த மடங்கள் நூறு, பிட்சுக்கள் பத்தாயிரம், தேவ ஆலயங்கள் எண்பது என்று கணக்குச் சொல்லிவிட்டு, திகம்பர சமணர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்கிறார். எண்ணிக்கையில் அவர் கொஞ்சம் தாராளமாக இருந்திருக்கலாம். ஆனால் ராஜா சமணரை ஒழித்துக்கட்டிய ஊரில், பத்தே வருஷத்தில், ராஜா குடியிருக்கும் நகரத்திலேயே எப்படி நிறையச் சமணர்கள் இருப்பார்கள்? அதே காஞ்சியில் பருத்திக்குன்றம் இருக்கிறது. பிற்காலப் பல்லவர் கட்டியது, சோழர் சேர்த்தது, விஜயநகரத்தார் சேர்த்தது என்று அடுக்கடுக்காக ஜினாலயங்கள். இன்றும் பூசை நடக்கிறது.

பாடலிபுத்திரத்தில் ஏதோ நடந்திருக்கலாம். ஆதரவு போய், மடம் நொடித்து, கட்டடம் கைமாறி, செங்கல் திருவதிகைக்குப் போயிருக்கலாம். அதைச் சேக்கிழார் ஒரே நாள் காரியமாக, ஒரே ராஜாவின் ஆணையாகப் பாடிவிட்டார் என்பது என் அபிப்பிராயம். மதுரைக் கழுவேற்றம் தனிச் சங்கதி, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனத்தையும் சொல்லாமல் விட முடியாது. காஞ்சி வீதியில் நடக்கிற ஒரு கேலி நாடகம், சமஸ்கிருதத்தில். கள் குடித்த கபாலி ஒருவன் தன் பிச்சைக் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, பௌத்த பிட்சுதான் திருடினான் என்று சண்டை போடுகிறான். நடுவில் சமரசம் பேச வருகிறவன் ஒரு பாசுபதன். கபாலத்தைத் தூக்கிப் போனது நாய். ஒரு பைத்தியக்காரன் கையிலிருந்து அது திரும்பி வருகிறது. வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகலாம் என்கிற பேச்சு வரும்போது, இந்தப் பிட்சுவுக்கு மடத்துப் பணம் இருக்கிறது, அதிகாரிகள் வாயை அடைத்துவிடுவான், நமக்கு ஏது வழி என்கிறாள் கபாலியின் கூட்டாளி. ராஜா தன் சொந்தக் கோர்ட்டையே கிண்டல் செய்கிறான்! நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒரு மேலதிகாரி கிடைக்கவில்லை. கவனிக்க வேண்டியது, கபாலியும் பாசுபதனும் சிவனைக் கும்பிடுகிறவர்கள். தன் பக்கத்து ஆட்களை வைத்தே சிரித்தவன் இந்த ராஜா. 1917இல் திருவனந்தபுரம் கணபதி சாஸ்திரி அச்சில் கொண்டுவந்தார். கேரளத்துச் சாக்கியார்கள் அதை இன்றும் கோயிலில் ஆடுகிறார்கள். தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு விழாவில்கூட நான் பார்த்ததில்லை.

இதெல்லாம் பழங்கதை, இப்போது என்ன வந்தது என்று கேட்கலாம். எங்கள் ஆபீசில் ஒருவர் இருந்தார். செஞ்சிப் பக்கம், மேல்சித்தாமூர் மடத்துக்கு வேண்டிய குடும்பம், தமிழ்ச் சமணர். நாங்கள் நயினார் என்றே கூப்பிடுவோம். மார்ச் மாதக் கணக்கு முடிக்க எல்லோரும் ராத்திரி வரை உட்காருவோம். அவர் மட்டும் பொழுது சாய்வதற்குள் டிபன் டப்பாவைத் திறந்துவிடுவார், அப்புறம் தண்ணீர்தான். ஒரு நாள் சாயங்காலம் ஒரு மண்டபத்தில் பெரிய புராணச் சொற்பொழிவு, இருவருமாகப் போனோம். நல்ல தமிழ் என்றால் அவர் எங்கே வேண்டுமானாலும் வருவார். பேசியவர் நல்ல பேச்சாளர். நீற்றறை, நஞ்சு, யானை, கல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் ராஜா பள்ளியை இடித்த இடம் வந்ததும், இடித்தது போதாது என்கிற மாதிரி ஒரு நகைச்சுவை சொன்னார். மண்டபமே கைதட்டியது. சின்னப் பிள்ளைகள் கூடச் சிரித்தார்கள். நயினார் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வெளியே வந்து செருப்பைப் போடும்போது, "எறும்பு வரிசை இருந்தா தாண்டிப் போடான்னுதான் எங்கம்மா வளர்த்தாங்க சார்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் வழக்கம் போல வந்தார், வழக்கம் போலக் கணக்குப் பார்த்தார்.

சிந்தாமணியை விடு என்று சேக்கிழார் தம் ராஜாவுக்குச் சொன்னதாகக் கதை. அந்தச் சிந்தாமணியை 1887இல் அச்சிட்டு நமக்குக் கொடுத்தவர் உ.வே. சாமிநாதையர், நெற்றி நிறைய விபூதி பூசியவர். புரியாத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அவரும் சைவர்தானே.

ஆகவே சொற்பொழிவாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அப்பர் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். அவர் பட்ட பாட்டைச் சொல்லுங்கள், பயப்படாமல் நின்றதைச் சொல்லுங்கள், எனக்கும் அதைக் கேட்டால் கண் கலங்கும். ராஜா வருகிற இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி, மண்டகப்பட்டில் அவனே என்ன எழுதியிருக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாடப் புத்தகம் எழுதுகிறவர்கள் "இடித்தான்" என்பதை "இடித்ததாகப் பெரிய புராணம் கூறுகிறது" என்று திருத்தினால் போதும். மூன்று வார்த்தை கூடும், காகிதச் செலவு அதிகம் ஆகாது.

மகேந்திரன் நமக்குத் தூரமானவனும் இல்லை. பல்லாவரம் மலையில் அவன் குடைந்த குகை ஒன்று இருக்கிறது. தூண்களுக்கு மேல் உத்தரத்தில் வரிசையாக அவனுடைய பட்டப்பெயர்களை வெட்டியிருக்கிறான். அந்தக் குகை இப்போது ஒரு தர்கா. மண்டகப்பட்டுக்குப் போகிறவர்கள் விழுப்புரத்தில் இறங்க வேண்டும், தளவானூரும் அங்கிருந்து அதிகத் தூரமில்லை, ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். தண்ணீர் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், முழங்கால் வலி உள்ளவர்கள் வெயிலுக்கு முன்னால் போய்விடுவது நல்லது. போய்வந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.